ஊர்ப்பெயர் தொலையும் இடங்கள்: ஒரு கடற்கரைப் பயணக் குறிப்பு

முதல் நாள்: ஆதிரெங்கம்

எங்கள் வீட்டு அரிசி மூட்டையில் பொதிந்தவரின் முகவரி இருக்கிறது, தேதி இருக்கிறது, எடை இருக்கிறது, பொன்னி என்ற பெயரும் பெரிய எழுத்தில் இருக்கிறது; அந்த நெல் எந்த ஊர் வயலில் விளைந்தது என்பது மட்டும் எங்கும் இல்லை. உப்பு, மிளகாய், கருப்பட்டி ஆகியவற்றின் உறைகளையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அதே கதைதான். நல்ல வேளையாக இந்த நான்கும் விளையும் இடங்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து உடன்குடி வரை ஏறக்குறைய ஒரே கடற்கரையோரமாக அமைந்திருக்கின்றன. மே மாதம் நெல்லைத் தவிர மற்ற மூன்றுக்கும் பருவம். எனவே விடுமுறையில் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரயில் செலவுக்கு இரண்டு மூட்டை அரிசி வாங்கிவிடலாம் என்று மனைவி சொன்னாள். கணக்குப்படி அது சரிதான்.

தாம்பரத்தில் இரவு ஏறிய செங்கோட்டை ரயில் விடியும் முன்பே திருத்துறைப்பூண்டியில் இறக்கிவிட்டது. ஆதிரெங்கம் அங்கிருந்து அருகில்தான். 'நெல்' ஜெயராமன் 2006இல் நெல் திருவிழாவைத் தொடங்கி வளர்த்த ஊர் இது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள். அவர் அதை விளைவித்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பணம் கைமாறாத இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, விதை யாரிடமிருந்து யாரிடம் போயிற்று என்பது தானாகவே நினைவில் நின்றுவிடுவதுதான்.

அப்படி இரண்டு கிலோவில் தொடங்கி இப்போது மூன்று ஏக்கரில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் பயிரிடும் ஒருவருடைய வயலில் காலைப் பொழுது கழிந்தது. கோடை வயல் வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அறுவடைக்குப் பிறகு இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தைகளை இங்கே ஓட்டிவந்து, இரவெல்லாம் வயலில் அடைத்து, எருவுக்கு ஈடாகக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்கிறார்கள். நான்காம் நாள் நான் போகப் போகும் மாவட்டம் எனக்கு முன்பே இங்கு வந்து நிற்பதைப் பார்த்தபோது, உள்ளூர் என்பதன் எல்லையை மாவட்டக் கோட்டை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றியது.

பாரம்பரிய ரகங்கள் ஏன் ரசாயன உரத்தோடு ஒத்துப்போவதில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை ஒரே வரிதான்: “தம்பி, அதுக்கு யூரியாவைக் காட்டினாப் போதும், படுத்துரும்.” உயரமாக வளரும் பயிர், தழைச்சத்து மிகுந்தால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்; 1966இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் பரவியதே இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான். விளைச்சலில் குட்டை ரகத்தின் பாதியைத் தாண்டுவதே கடினம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் வைக்கோல் மிகுதி, உரச் செலவு இல்லை, அரிசியைத் தாமே விற்பதால் விலையும் அவர் சொல்வதுதான். இந்த அரிசிகளுக்குக் கடைகளில் ஒட்டப்படும் மருத்துவப் புகழ்ச்சிகளை நான் நம்புவதில்லை; அவரும் அவ்வளவாக நம்புவதாகத் தெரியவில்லை.

நெல்லின் ஊர்ப்பெயர் எங்கே தொலைகிறது என்பதை அவரே காட்டினார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே பெயர்கள்தான்: சன்ன ரகம், பொது ரகம். நாற்பது கிலோ சாக்கில் தைத்து அடுக்கியபின் எவருடைய வயல் என்பதைப் பிரித்தறிய வழியில்லை. தனியார் ஆலைக்குப் போகும் நெல்லோ அங்கே புதுப் பெயர் பெற்று வெளியே வருகிறது. பொன்னி என்பது காவிரியின் பெயர். ஆனால் அந்த ரகத்தின் மூலமான மசூரி உருவானது மலேசியாவில். டீலக்ஸ் பொன்னி என்று பல கடைகளில் நாம் வாங்குவது ஆந்திரத்தின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த பி.பி.டி. 5204. இவை கெட்ட அரிசிகள் அல்ல. ஆனால் பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர் தவறான கதவைத் தட்டுகிறார்.

ஐந்து கிலோ தூயமல்லிப் புழுங்கலரிசி வாங்கிப் பையில் வைத்தேன்.

இரண்டாம் நாள்: அகஸ்தியன்பள்ளி

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 37 கி.மீ. ரயில் பாதை. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கடைசி நிலையத்தில் இறங்கியதும் வெளுப்பு கண்ணைக் கூசச் செய்தது. இரு பக்கமும் பாத்திகள், வரப்பு நெடுக உப்புக் குவியல்கள்.

உப்பு விளைவதை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். அடர்த்தியை 'டிகிரி' என்று சொல்கிறார்கள். கடல்நீர் மூன்று டிகிரியில் தொடங்கும், இருபத்தைந்தை ஒட்டி உப்பு படியத் தொடங்கும், முப்பதை நெருங்கும்போது மீதி நீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். ஆகவே நல்ல உப்பு என்பது எதை எப்போது நிறுத்துவது என்ற கைப்பழக்கம்தான். நான் போனபோது காலை எட்டு மணி. அதிகாலை இருட்டிலேயே இறங்கிய பெண்கள் வேலையை முடித்துக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாதத்தைக் காட்டினார். உவர்நீரில் ஊறி ஊறித் தோல் தடித்து வெடித்திருந்தது. இயற்கையான உப்பு, கைபடாத உப்பு என்றெல்லாம் உறைகளில் எழுதுகிறவர்கள் இந்தக் கால்களைப் பார்த்ததில்லை.

இங்கே 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவுத் தூண் நிற்கிறது. ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்ததால், வழியோர மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்ற செய்தியைப் பலமுறை படித்திருக்கிறேன். உணவின் ஊரைத் தேடிக் கிளம்பியவனுக்கு அது வேறு விதமாக உறைத்தது: யார் வீட்டுச் சோறு என்பது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே மறைக்கப்பட்ட உணவு அது, உண்டவர்களுக்கோ ஊரே சமைத்தது என்று தெரிந்திருக்கும்.

இன்று அந்தத் தூணுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் விற்பது வெளிமாநில உப்புப் பாக்கெட். இதில் ஏளனம் செய்ய எதுவும் இல்லை. அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது 2006 முதல் தடை. அயோடின் குறைவால் வரும் கழலையும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடும் உண்மையான ஆபத்துகள். இங்கு விளையும் உப்பு அயோடின் தெளிக்கும் ஆலைக்குப் போய், அங்கே மற்ற ஊர் உப்புகளோடு கலந்து தன் பெயரை இழக்கிறது. 'உள்ளூர்க் கல்லுப்பு' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்லப்போகிறேன். ஊறுகாய்க்கென்று ஒரு கிலோ மட்டும் வாங்கினேன். அன்றாடச் சமையலுக்கு அல்ல.

மதியம் ஒரு மெஸ்ஸில் இறால் தொக்கு இருப்பதாகச் சொன்னார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்; “நம்ம ஊரு பண்ணைதான் சார்” என்றார் பரிமாறியவர். தூரத்தை மட்டும் அளந்தால் அதைவிட உள்ளூர்ச் சரக்கு கிடையாது. ஆனால் அந்த இறால் பெரும்பாலும் வனாமியாகத்தான் இருக்கும். அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்த அந்த இனம் இந்தியாவில் 2009 முதல் அனுமதியோடு வளர்க்கப்படுகிறது. மீன்தூள் கலந்த தீவனம் தின்கிறது. விளைநிலங்களையும் குடிநீரையும் உவராக்கிய இறால் பண்ணைகளை எதிர்த்து இதே கடற்கரை மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அந்தப் போராட்டத்தில் உடன் நின்றவர். நான் கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டேன். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றவனுக்கு அந்தக் குழம்பு போதவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள்: தொண்டி

பெரும்பாலும் பேருந்துப் பயணம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல் வழியாகத் தொண்டி. வழியெங்கும் விசைப்படகுகள் கரையில் ஓய்ந்து நின்றன. சில கவிழ்க்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டுக்கொண்டிருந்தன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக ஏற்பட்ட இந்தத் தடை நாட்டுப்படகுகளுக்குப் பொருந்தாது.

ஆகவே இந்த மாதம் இந்தக் கரையில் மீன் வாங்குவது மிகவும் எளிதான பாடம். பெரிய மீன் மலிவாகக் கிடைத்தால், அது மேற்குக் கரையிலிருந்து பனிக்கட்டியில் பயணம் செய்து வந்ததாக இருக்கலாம். அங்கே இழுவலைத் தடை ஜூனில்தான் தொடங்கும். விலை கூடுதலாகவும் உருவத்தில் சிறியதாகவும் கூடையில் கிடந்தால், அது காலையில் நாட்டுப்படகில் வந்தது. தொண்டியில் ஒரு அக்காவின் கூடையில் காரல், சூடை, நான்கைந்து நீலக்கால் நண்டுகள், அவ்வளவுதான். எந்தப் படகு என்று கேட்டதும் அவர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்காரரு படகுதான், வேற எது?” என்றார். ஐந்து நாள் பயணத்திலேயே மிகக் குறுகிய வழங்கல் சங்கிலி அதுவாகத்தான் இருக்கும். காரலைக் குழம்பு வைத்துக்கொடுக்கும் கடை பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருந்தது. முள் அதிகம், பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்.

நான்காம் நாள்: இராமநாதபுரம்

நேற்று மாலை வரும் வழியில் இராஜசிங்கமங்கலம் கண்மாய்க் கரையில் சற்று இறங்கி நின்றேன். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று அதன் அகலத்தைப் புகழ்வார்கள். மே மாதத்தில் அது ஒரு பெரிய சமவெளி, அங்கங்கே சீமைக்கருவேலம். இந்த மாவட்டத்தின் மிளகாய் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு விடை அந்தக் காய்ந்த மண்தான். ஐப்பசி மழையை நம்பி புரட்டாசியில் விதைத்து, தை, மாசியில் பறிக்கத் தொடங்கி, கோடை முடிய வற்றலாக்கி விற்கிறார்கள். நீர் குறைவு, வெயில் மிகுதி. காய் குண்டாக, தோல் தடித்து, பளபளப்பாக இருக்கிறது. தாளிப்பில் எண்ணெயில் விழுந்ததும் உருண்டு உப்பும் அந்தக் குண்டு மிளகாய்தான் முண்டு மிளகாய். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் களம் முழுக்கச் சிவப்பு விரிந்திருந்தது. அப்பத்தா ஒருவர் நடுவில் அமர்ந்து, நிறம் வெளுத்த காய்களைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார். மழை வருமா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்த்தார். உலர்ந்துகொண்டிருக்கும் மிளகாயில் ஒரு கோடை மழை விழுந்தால் நான்கு மாத உழைப்பின் விலை பாதியாகிவிடும். அவருடைய மருமகன் ஆடுகளோடு தஞ்சாவூர்ச் சீமைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். முதல் நாள் நான் பார்த்த கிடை அவருடையதா என்று கேட்க ஆசையாக இருந்தது. ஊர் பெயர் தெரியவில்லை என்றார். “எங்க எறக்குறாகளோ அங்க கெடப்பாக, அய்யா.”

புவிசார் குறியீடு வந்தபின் என்ன மாறியது என்று அவருடைய மகனைக் கேட்டேன். குறியீடு ஊருக்கு வந்திருக்கிறது, சாக்குக்கு வரவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். விதை, களையெடுப்புக் கூலி எல்லாம் தரகுக் கடையில் முன்பணமாக வாங்கியவர் வற்றலை அங்கேதான் கொண்டுபோய்ப் போடவேண்டும். தரகுக் கடைத் தளத்தில் பத்து ஊர்ச் சாக்குகள் நிறத்தையும் தரத்தையும் வைத்து ஒரே குவியலாகக் கொட்டப்படும்போது ஊர்ப்பெயர் உதிர்ந்துவிடுகிறது. அங்கிருந்து குளிர்பதனக் கிடங்கு, பிறகு அரைவை. பொடியான பிறகு ஊரைக் கேட்பதில் பொருளே இல்லை. 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொடியில் சூடான் என்ற தொழிற்சாலைச் சாயத்தைப் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பொடி வாங்குவதில்லை, வற்றலாக வாங்கி அரைக்கிறோம். ஊர் தெரியாவிட்டாலும் பொருளாவது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு கிலோ கேட்டேன். விலையைச் சென்னைக் கடை விலையில் பாதிக்குச் சொன்னார். தரகர் கொடுப்பதைவிட அது கூடுதல்தான் என்று அவர் சொன்னபோதும், கொடுக்கும்போது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. எவ்வளவு கொடுத்தேன் என்பதை எழுதப்போவதில்லை. மனைவி இதைப் படிக்கிறாள்.

ஐந்தாம் நாள்: உடன்குடி

முதலில் ஒரு திருத்தம். கீழக்கரை தாண்டி வாலிநோக்கம் விலக்கைப் பேருந்து கடந்தபோதுதான் நினைவு வந்தது: தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இங்கேதான் இருக்கின்றன, அந்த உப்பு அயோடின் சேர்த்து 'நெய்தல்' என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. ஊரும் தெரிந்து அயோடினும் சேர்ந்த உப்பு கிடையாது என்ற தொனி இரண்டாம் நாள் குறிப்பில் வந்திருந்தால் அதைத் திருத்திப் படிக்கவும்.

சாயல்குடியிலிருந்தே பனைகள் தொடங்கிவிட்டன. தூத்துக்குடி, திருச்செந்தூர் கடந்து உடன்குடி சேரும்போது இரவு. இன்று விடியலில் செம்மணல் தேரியோரம் ஒரு பனையேறி அண்ணாச்சி மரத்திலிருந்து இறங்கியதும், பனையோலைப் பட்டையில் ஊற்றிப் பதநீர் கொடுத்தார். மரத்தின் குளிர்ச்சி அதில் அப்படியே இருந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது பதநீர். தடவாவிட்டால் வெயில் ஏறும் முன்பே கள்ளாகிவிடும். ஆண் மரமான அலகுப்பனையிலும் பெண் மரமான பருவப்பனையிலும் பாளையைச் சீவும் முறை வேறு. பாளையை நசுக்கும் கடிப்பும் இரண்டுக்கும் வேறு. முப்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். அவருடைய மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். அதைச் சொல்லும்போது வருத்தமா நிம்மதியா என்று முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள் காய்ந்த பனையோலை மட்டைகளும் சீமைக்கருவேல விறகும். கண்மாய்களை விழுங்கும் அந்த மரத்துக்கு இங்கே ஒரு பயன் இருக்கிறது. பதநீர் பொங்கி வழியாமலிருக்க இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது போடுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் காய்ந்து, கூப்பனி என்னும் பாகாகி, கம்பிப்பதம் தாண்டியதும் இறக்கிக் கிண்டி, நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். அரை நாள் ஏறிய பதநீரெல்லாம் கடைசியில் பத்துப் பதினைந்து சிரட்டைகளில் அடங்கிவிட்டதைப் பார்த்தபோதுதான் கருப்பட்டியின் விலையைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் மாறியது.

நான்கு பொருள்களிலும் மிகத் திறமையாகப் பெயரைத் தொலைப்பது கருப்பட்டிதான். அரிசியும் மிளகாயும் மற்ற ஊர்களோடு கலக்கின்றன. கருப்பட்டியோ சீனியோடு கலக்கிறது. கூப்பனியில் சீனியைக் கொட்டினால் எடை கூடும், சீக்கிரம் உறையும், மாதக்கணக்கில் கெட்டியாக இருக்கும், வாங்குபவருக்கும் பாதி விலையில் கிடைக்கும். பருவம் சில மாதங்களே. தேவையோ ஆண்டு முழுவதும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றாலும், உடன்குடி என்று எழுதிய பலகை தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் தொங்குகிறது என்பதை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அறிவார்கள். கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். வாயில் போட்டால் இனிப்புக்குப் பின்னால் இலேசான உவர்ப்பு வரவேண்டும் என்றார் அக்கா. மழைக்காலத்தில் இளகிக் கசியவும் வேண்டும். அதனால்தான் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் வைத்தார்களாம். நகரத்தில் நாம் கெட்டியாக, காய்ந்து, பளபளப்பாக இருப்பதைத்தான் நல்லதென்று பொறுக்கி எடுக்கிறோம்.

இன்றைய கருப்பட்டியில் எந்த மரங்களின் பதநீர் சேர்ந்திருக்கிறது என்று, சற்று விளையாட்டாகத்தான், கேட்டேன். அண்ணாச்சி திரும்பி நின்று வரிசையாகக் கை நீட்டிக் காட்டினார். ஓடைக்கரையில் நிற்கும் ஒற்றை அலகுப்பனையில் மட்டும் இன்று பாளை சீவவில்லை, அதை விட்டுவிடுங்கள் என்றார். இதற்கு மேல் ஓர் உணவின் ஊரைப் பற்றி நான் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஓலைக் கொட்டானில் இரண்டு கிலோ கட்டிக்கொடுத்தார்கள்.

ஆறாம் நாள்: தாம்பரம்

திருச்செந்தூர் ரயில் இரவில் தஞ்சாவூரைக் கடந்தபோது உறங்கிவிட்டேன். காலையில் வீடு வந்து சேர்ந்து, குளித்துவிட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டுவதற்காக ஊர்ப்பெயர்களைச் சிறு தாள்களில் எழுதிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அதற்குள் மனைவி பையைப் பிரித்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டிருந்தாள். குண்டு மிளகாய், ஏற்கெனவே இருந்த நீள மிளகாயின் மேல்; அதையாவது பொறுக்கிவிடலாம். ஆதிரெங்கத்துத் தூயமல்லி, அரிசி டிரம்மின் அடியில் கிடந்த மூன்று கிலோப் பொன்னியின் மேல். டிரம்மைக் குலுக்கி மட்டப்படுத்தியும் இருந்தாள்.

“ரெண்டும் புழுங்கல்தானே” என்றாள்.

மதியம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது, எந்த ஊர்ச் சோறு என்று சொல்வதற்கில்லை. கருப்பட்டி மட்டும் இன்னும் ஓலைக் கொட்டானிலேயே இருக்கிறது. அதை டப்பாவில் மாற்ற நான் யாரையும் விடவில்லை.